பாடத் தெரியாத ரசிகர் அ கப்பெல்லா பயிலரங்குக்குப் போகலாமா?

கேள்வி – மார்ச் 2, காலை 9:10

எனக்கு மிகவும் பிடித்த அ கப்பெல்லா குழு (வாத்தியம் இல்லாமல் குரலால் மட்டும் பாடுகிறவர்கள்) அடுத்த மாதம் வருகிறது. காலையில் மூன்று மணி நேரப் பயிலரங்கு, மாலையில் கச்சேரி. கச்சேரிக்குப் போவது உறுதி. பயிலரங்கில்தான் குழப்பம். எனக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. யார் முன்னாலும் பாடியதும் கிடையாது. வெறும் ரசிகன். பாடுகிறவர்களுக்கு உரிய இடத்தை நான் அடைத்துக்கொள்வது சரியா? இன்னொரு பயமும் இருக்கிறது. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், பிறகு கேட்கும்போது அந்தப் பிரமிப்பு போய்விடாதா?

பதில் – மார்ச் 2, இரவு 10:40

போங்கள்.

போன சனிக்கிழமைதான் இதே மாதிரி ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வந்தேன். ஐந்து பேர் கொண்ட குழு. பத்து வருடமாக அவர்களைக் கேட்கிறேன். ஒரு வரி கூட யாரோடும் சேர்ந்து பாடியதில்லை. பயிலரங்கில் நாற்பது பேர் இருந்தோம். இதுவரை எந்தக் குழுவிலும் பாடாதவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் தூக்கினோம். இடத்தை அடைக்கிறோமோ என்ற கவலை எனக்கும் இருந்தது. அந்த நிமிடத்தோடு போயிற்று.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க விட மாட்டார்கள். பாட வேண்டும். ஆனால் பத்துப் பேர் ஒரே சுரத்தைப் பிடிக்கும்போது நடுவில் நிற்பவர் குரல் தனியாக யாருக்கும் கேட்காது. இசைக்குறிப்புத் தாளும் கிடையாது. ஒரு வரி பாடிக் காட்டுவார்கள், நாம் திருப்பிப் பாடுவோம், அவ்வளவுதான்.

பிரமிப்பு போகுமா என்பதற்கு இப்போதே பதில் எழுத மனம் வரவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

மார்ச் 3, காலை 7:15

முதல் இருபது நிமிடம் பாட்டே இல்லை. உதட்டைத் தளர்த்தி 'ப்ர்ர்ர்' என்று ஊதியபடி குரலைக் கீழிருந்து மேலே கொண்டுபோனோம். அப்புறம் ஆளுக்கொரு உறிஞ்சுகுழலைக் கொடுத்து, அதன் வழியாக முனகச் சொன்னார்கள். வாய்ப்பக்கம் வழி குறுகினால் காற்று கொஞ்சம் திரும்பி அழுத்தும். குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாது. அதனால் தொண்டை களைக்காமல் குரல் தயாராகிறது. வீட்டில் தினமும் செய்கிறேன், நன்றாகவே இருக்கிறது.

பிறகு நாற்பது பேரும் ஒரே சுரத்தில் 'ஊ'. அழகாக ஒட்டிக்கொண்டது. அதே சுரத்தில் 'ஆ' என்றதும் சிதறிவிட்டது. சுருதி விலகிவிட்டது என்றே நினைத்தேன். சொல்லிக்கொடுத்தவரோ சுருதியைப் பற்றிப் பேசவே இல்லை. வாயை அகலமாக இழுக்காமல் தாடையை மட்டும் கீழே விடச் சொன்னார். எல்லோர் வாயும் ஒரே வடிவத்துக்கு வந்ததும் ஒலி மறுபடி ஒன்றானது. ஒவ்வொருவருடைய 'ஆ'வும் வெவ்வேறு மேற்சுரங்களை, அதாவது ஒரு சுரத்தோடு சேர்ந்தே மெல்லியதாக ஒலிக்கும் அதன் மடங்குகளை, தூக்கிக் காட்டுகிறது. அடிச்சுரம் ஒன்றாகவே இருந்தாலும் காதுக்கு அது விலகலாகத்தான் படும்.

ஒரு குழுவின் குரல்கள் நன்றாகக் கலக்கின்றன என்றால், அபூர்வமான குரல்கள் அமைந்துவிட்டன என்று பத்து வருடமாக நம்பியிருந்தேன். உயிரெழுத்தை ஒரே மாதிரி உச்சரிக்க அவர்கள் மணிக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.

மார்ச் 3, மதியம் 1:30

காலையில் அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். எனக்கு அந்த நாள் முழுவதற்கும் இதுதான் மையம்.

மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். அடியில் ச, மேலே ப, நடுவில் க. நான் ஆல்டோ (பெண்களில் தாழ்ந்த குரல்), அதனால் நடு. ச-வும் ப-வும் உடனே பொருந்திவிட்டன. எங்களுக்கு மட்டும் க-வைப் பியானோவில் ஒருமுறை தட்டிக் காட்டினார். பிடித்தோம். தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் ஒலிக்குள் ஒரு நடுக்கம் இருந்தது. கொஞ்சம் கீழே என்று கையால் காட்டினார். இறக்கினோம். இன்னும் கொஞ்சம். இறக்குகிறோமா, இறக்குவதாக நினைக்கிறோமா என்று தெரியாத அளவு கொஞ்சம். திடீரென்று நடுக்கம் நின்றது. அந்த நொடியில், யாருமே பாடாத ஒரு சுரம் தலைக்கு மேலே எங்கோ மெல்லியதாகக் கேட்டது. யார் பாடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ச 220 ஹெர்ட்ஸ் என்றால் பியானோவின் க 277.18. இயற்கையான 5:4 விகிதப்படி வர வேண்டியது 275. ச-வின் ஐந்து மடங்கான மேற்சுரம் 1100. க-வின் நான்கு மடங்கானது, பியானோ அளவில், 1108.7. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வினாடிக்கு ஒன்பது முறை போல ஒலி கூடிக் குறைந்து விம்முகிறது. இயற்பியல் பாடத்தில் இசைக்கவைகளை வைத்துப் படித்த அதே விம்மல்கள்தான். க-வை 275க்கு இறக்கியதும் இரண்டும் 1100ல் ஒன்றாகிவிடுகின்றன. விம்மல் மறைகிறது, அந்த உயரத்துச் சுரம் தனியாகத் துலங்கி நிற்கிறது. தலைக்கு மேலே கேட்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இறக்கிய அளவு 14 சென்ட். ஓர் அரைச் சுரம் என்பது 100 சென்ட். அதில் ஏழில் ஒரு பங்கு. நாற்பது சாதாரண ஆட்கள் அதைச் செய்தோம். அதற்கு முன் அப்படி ஒன்று இருப்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மார்ச் 3, இரவு 11:05

அப்படியானால் பியானோ சுருதி தப்பிய வாத்தியமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் எழுதிய விதம் அப்படி ஒலிக்கிறது, திருத்துகிறேன். பியானோவில் எந்தச் சுரத்தை ச-வாக வைத்தாலும் வாசிக்க முடிய வேண்டும். அதற்காக ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கி, எல்லாச் சுரத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ப வெறும் 2 சென்ட்தான் விட்டுக்கொடுக்கிறது, அதனால்தான் ப-பிரிவுக்கு அன்று வேலையே இருக்கவில்லை. க 14 சென்ட் விட்டுக்கொடுக்கிறது. குரலுக்குப் பியானோவின் கட்டையும் இல்லை, வீணையின் மெட்டும் இல்லை. நினைத்த இடத்தில் நிற்கலாம்.

இதை அமெரிக்காவின் பார்பர்ஷாப் பாணிக்காரர்கள் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். நான்கு குரல்: டெனர், லீட், பாரிடோன், பேஸ். பாட்டின் மெட்டு லீடிடம் இருக்கும், டெனர் அதற்கு மேலே பாடும், பேஸ் எல்லோருக்கும் அடியில். கார்ட் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அப்படிப் பொருந்தி ஒலிப்பதை அவர்கள் 'ரிங்' என்கிறார்கள். ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில் 1938ல் தொடங்கிய அவர்களுடைய சங்கம் இன்றும் நடக்கிறது. முன்பெல்லாம் அந்தப் பாணியைப் பழைய காலத்து வேடிக்கை என்று ஒதுக்கிவைத்திருந்தேன். இந்த வாரம் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 5, காலை 8:00

பீட்பாக்ஸ் (வாயாலேயே டிரம் ஒலி எழுப்புவது) பற்றிக் கேட்டவருக்கு: சொல்லிக்கொடுத்தார்கள், அரை மணி நேரம். 'பூட்ஸ் அண்ட் கேட்ஸ்' என்று விடாமல் சொல்லச் சொல்லி, பிறகு உயிரெழுத்துகளை எடுத்துவிடச் சொன்னார்கள். ப், ட்ஸ், க், ட்ஸ். அடி டிரம், ஜால்ரா, பக்க டிரம், ஜால்ரா. எல்லோருக்கும் வந்தது. அதைக் குழுவின் தாளக்காரர் போல நான்கு நிமிடம் தாளம் பிசகாமல், எங்கே மூச்சு வாங்குகிறார் என்று தெரியாமல் செய்வதுதான் கடினம். அவர் பக்க டிரம் ஒலியை மூச்சை உள்ளே இழுத்தபடியே செய்கிறார் என்று சொன்னதும் அறையில் எல்லோரும் முயற்சி செய்து பார்த்தோம். எனக்கு ஒரு முறை வந்தது.

மார்ச் 6, இரவு 9:50

கச்சேரி. இதை எழுதத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

முதல் பாதி எனக்குச் சரியாக அமையவில்லை. காலையில் கற்றதை எல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் வாயை எப்படித் திறக்கிறார், இவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்றே கண் போனது. நான் மிகவும் நேசிக்கிற பாட்டு மூன்றாவதாக வந்தது. பாதி முடிந்த பிறகுதான் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று உறைத்தது. பத்து வருடம் காத்திருந்த பாட்டு. வருத்தமாக இருந்தது. கேள்வி கேட்டவர் பயப்படுவது நியாயம்தான் என்று அப்போது நினைத்தேன்.

ஒலியமைப்பும் சேர்ந்துகொண்டது. இடப்பக்கம், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். பேஸும் தாளமும் மட்டும் நெஞ்சில் இடித்தன, நடுக்குரல்கள் எங்கேயோ புதைந்து கிடந்தன. இந்த மாதிரிக் குழுக்களில் ஆளுக்கொரு மைக், பேஸுக்குப் பெரும்பாலும் ஒரு ஸ்தாயி கீழே ஒலியைச் சேர்க்கிற கருவி, தங்கள் குரல்களைத் தாங்களே கேட்கக் காதில் மானிட்டர். ஐந்து குரலையும் சரியான அளவில் கலப்பவர் மேடையில் இல்லாத ஆறாவது ஆள். அன்று இருந்தவர் ஆரம்பத்தில் அதைச் செய்யவில்லை. இடைவேளையில் இடம் மாறி, ஒலிக்கலவை மேசைக்கு இரண்டு வரிசை முன்னால் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு கச்சேரி போல இருந்தது. நீங்கள் போகும்போது அந்த மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். கலப்பவர் காதில் விழுவதுதான் உங்கள் காதிலும் விழும்.

இரண்டாம் பாதியில் ஒரு மெதுவான பாட்டு. தாளக்காரர் மைக்கை இறக்கிவிட்டு நின்றார், நான்கு குரல் மட்டும். எங்களுக்கு ஆல்டோ வரியைச் சொல்லிக்கொடுத்தவர் வலது ஓரத்தில். அவரை மட்டும் கேட்க முயன்றேன். கேட்கவில்லை. அவர் பாடுவது கண்ணுக்குத் தெரிகிறது, குரலைப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஒரே சுரம், நீளமாக, எட்டுப் பத்து எண்ணிக்கை வரை. பிறகு மூச்சு வாங்கினார். ஒரு கணம்தான். அந்த ஒரு கணம் பாட்டு முழுவதும் மெலிந்து, சாயம் போனது போல ஆகி, அவர் மறுபடி உள்ளே வந்ததும் நிறம் திரும்பியது.

பத்து வருடமாக அந்தக் குழுவில் அவர் என்ன செய்கிறார் என்றே எனக்குத் தெரியாது. மேலே பாடுகிறவரைத் தெரியும், பேஸைத் தெரியும், தாளக்காரரின் ரசிகை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்த மூச்சு வரை இவரைக் கேட்டதே இல்லை.

மார்ச் 7, காலை 6:30

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'அன்று இருந்தவர் செய்யவில்லை' என்று எழுதியது கொஞ்சம் கடுமை. ஆள் நிறைந்த அரங்கும் காலி அரங்கும் வேறு வேறு மாதிரி ஒலிக்கும். மதியம் சரிபார்த்த அளவுகள் மாலையில் அப்படியே பொருந்தாது. நான் உட்கார்ந்த இடமும் மோசம். ஆனால் நடுக்குரல் முழு அரங்கிலும் கேட்க வேண்டும் என்பதில் என் கருத்து மாறவில்லை.

மார்ச் 9, மாலை 5:20

பயிலரங்கில் அவரவர் பகுதியைப் பழக, பதிவு செய்துகொள்ள அனுமதி கொடுத்திருந்தார்கள். இன்று முழுவதையும் கேட்டேன். கடைசியில் நாங்கள் நாற்பது பேரும் சேர்ந்து பாடிய நான்கு நிமிடப் பாட்டை சுருதியை அளக்கும் ட்யூனர் செயலியில் வைத்துப் பார்த்தேன். தொடங்கிய சுரத்துக்கும் முடித்த சுரத்துக்கும் இடையே ஏறக்குறைய 90 சென்ட். கிட்டத்தட்ட ஒரு முழு அரைச் சுரம் கீழே இறங்கிவிட்டோம். பாடும்போது ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து இறங்கியதால் எங்களுக்குள் பொருத்தம் கெடவே இல்லை.

களைப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். மூன்று மணி நேரத்தின் முடிவில் பாடியது.

மார்ச் 10, இரவு 8:45

களைப்பு இல்லை, கணக்கு என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? காகிதம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அசந்துவிட்டேன்.

எங்கள் பாட்டின் பேஸ் வரி இப்படிச் சுற்றும்: ச, கீழே த, மேலே ரி, கீழே ப, மறுபடி ச. ஒவ்வொரு தாவலையும் விம்மல் இல்லாமல் சுத்தமாகப் பாடுவதாக வைத்துக்கொள்வோம். 220ல் தொடங்குங்கள். த-வுக்கு இறங்க 5/6ஆல் பெருக்கினால் 183.33. ரி-க்கு ஏற 4/3ஆல், 244.44. ப-வுக்கு இறங்க 2/3ஆல், 162.96. ச-வுக்கு ஏற 4/3ஆல், 217.28. வீட்டை விட்டுக் கிளம்பி, ஒவ்வொரு அடியும் சரியாக வைத்து, திரும்பி வந்தால் வாசல் 220ல் இல்லை. 81:80 என்ற விகிதம், 21.5 சென்ட். இத்தாலியக் கணித அறிஞர் பெனடெட்டி 16ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சரிவைக் காட்டியிருக்கிறார்.

எங்கள் பாட்டில் அந்தச் சுற்று நான்கு முறை வருகிறது. நான்கு 21.5 என்றால் 86. அளந்தது 90! சுத்தமாகப் பாடியதால் இறங்கினோம் என்று ஆகிறது.

மார்ச் 12, காலை 7:00

இரண்டு நாள் அந்த 86ஐ நினைத்து மகிழ்ந்திருந்தேன். இப்போது அது சரியில்லை என்று தோன்றுகிறது.

காரணம் ஒன்று. ஒரு க-வை நிறுத்தவே எங்களுக்குக் கை காட்ட ஒருவர் தேவைப்பட்டார். அப்படிப்பட்ட நாங்கள் நான்கு நிமிடப் பாட்டில் ஒவ்வொரு தாவலையும் சுத்தமாகப் பாடியிருக்க வழியில்லை. அந்தக் கணக்கு சுத்தமாகப் பாடுகிறவர்களுக்குத்தான் பொருந்தும்.

இன்னொன்று இன்னும் வலுவானது. அதே பாட்டை அந்தக் குழு எங்களுக்குப் பாடிக் காட்டியதும் என் பதிவில் இருக்கிறது. அதையும் செயலியில் வைத்தேன். தொடக்கமும் முடிவும் ஒரே இடம், அசைவே இல்லை. அதே நான்கு சுற்று. ஆக, சரிவு தவிர்க்க முடியாத ஒன்று அல்ல. ஏதோ ஒரு சுரத்தில், அநேகமாக ரி-யில், அந்த 21.5 சென்டை யாருக்கும் தெரியாமல் சரிக்கட்டிவிடுகிறார்கள். கேட்கிற நமக்கு அந்த இடத்தில் எந்த உறுத்தலும் இல்லை.

எங்கள் பதிவை நான்கு நான்கு வரியாக வெட்டி மறுபடி அளந்தேன். முதல் இரண்டு சுற்றில் ஏறக்குறைய ஒன்றும் இறங்கவில்லை. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும் இடத்தில் 40 சென்ட் போயிருக்கிறது. மிச்சம், மேலிருந்து படிப்படியாக இறங்கும் வரியிலும், நீளமான மூச்சின் கடைசியிலும். ஒரே சுரத்தைத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக மேலே வைப்பதாக நினைத்துப் பாடுங்கள் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அது குரல் அழகுக்கான அறிவுரை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

களைப்பு என்று முதலில் எழுதியது பாதி சரி என்றே வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 14, இரவு 10:15

சரி, பிரமிப்பு.

கச்சேரி அன்று முதல் பாதியில் எனக்கு அது போனது உண்மை. மார்ச் 6 இரவு கேட்டிருந்தால், பயிலரங்கும் கச்சேரியும் ஒரே நாளில் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. தவறவிட்ட அந்தப் பாட்டின் பதிவை இந்த வாரம் முப்பது முறையாவது கேட்டிருப்பேன். பழைய பாட்டுதான். அதில் ஆல்டோ இரண்டாவது அடி முழுக்க ஒரே சுரத்தில் நிற்கிறார். சுற்றிலும் கார்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கார்டின் அடிச்சுரத்தையும் ச என்று வைத்தால், அந்த ஒரே சுரம் ஓரிடத்தில் க, அடுத்த இடத்தில் ப, அதற்கடுத்து ச. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு துளி ஏறி இறங்க வேண்டும். பத்து வருடம் கேட்டும் என் காதில் விழாதது. இப்போது அந்த இடம் வரும்போதெல்லாம் கண் கலங்குகிறது.

எனவே என் பதில்: ஒரு கச்சேரியின் முதல் பாதி போகலாம். அதற்குத் தயாராகப் போங்கள்.

மார்ச் 15, மதியம் 12:40

ஆல்பங்களில் எல்லாவற்றையும் கணினியில் திருத்திவிடுகிறார்கள், பதிவைக் கேட்டு உருகுவதில் என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு. திருத்துகிறார்கள், உண்மை. ஒருவரே எல்லாக் குரலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவதும் உண்டு. அமெரிக்கப் பாடகர் பாபி மெக்ஃபெரின் 1988ல் அப்படித்தான் 'டோன்ட் வொரி, பி ஹாப்பி' பாடினார். அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் அ கப்பெல்லா பாட்டு அது. ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்ததால் அது போலி ஆகிவிடவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு: மேடையில் ஒருவர் இன்னொருவரைக் கேட்டுத் தன் சுரத்தை நகர்த்துவது, தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் நடக்காது. அதற்காகவே நேரில் போக வேண்டும்.

மார்ச் 18, மாலை 6:00

இது வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்களின் பத்து வருட மோகம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இத்தாலிய மொழியில் அ கப்பெல்லா என்றால் தேவாலயச் சிற்றாலயத்தின் முறைப்படி என்று பொருள். ஜார்ஜியா நாட்டின் கிராமங்களில் மூன்று குரலில் பாடும் மரபு மிகப் பழையது. அதில் ஒரு பாட்டை 1977ல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் வைத்து அனுப்பினார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜூலு தொழிலாளர்கள் வளர்த்த இசிகத்தாமியா மென்மையாக அடி வைத்து ஆடியபடி பாடுவது. ஜோசப் ஷபலாலாவின் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழு 1986ல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' ஆல்பத்தில் பாடியதால் உலகம் முழுக்கத் தெரிந்தது. பாரிஸில் 1962ல் வார்ட் ஸ்விங்கிள் தொடங்கிய குழு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் வாத்திய இசையை 'டா-ப-டா' என்று சொற்களே இல்லாமல் பாடியது. இன்றைய குழுக்கள் பின்னணிக்குப் பாடும் 'டூ', 'டின்' எல்லாம் எங்களுக்கு விசித்திரமாகப் படாததற்கு அவர்களும் ஒரு காரணம். இங்கிலாந்தின் கிங்ஸ் சிங்கர்ஸ் 1968 முதல் ஆறு பேராகவே தொடர்கிறார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஆறு மாறவில்லை.

நம் மொழியில் ஒன்றும் இல்லையே என்று கேட்டவர் 1993ல் வந்த 'திருடா திருடா'வின் 'ராசாத்தி' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஏ.ஆர்.ரகுமான் ஏறக்குறைய முழுவதையும் குரல்களாலேயே கட்டியிருக்கிறார். முன்னால் பாடுகிறவரை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் குரல்களை மட்டும் தொடருங்கள். பயிலரங்குக்குப் போகும் முன் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 21, இரவு 9:30

கச்சேரி முடிந்து அவர்களோடு பேச முடியுமா, என்ன பேசுவது என்று கேட்டீர்கள். வெளியே வந்து நின்றார்கள், வரிசை இருந்தது. தாளக்காரரிடமும் மேல்குரல்காரரிடமும் கூட்டம். ஆல்டோ பாடியவரிடம் மூன்று பேர்தான். நான் நான்காவது. உங்கள் பாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும் என்று சொல்லத்தான் போனேன். அதற்குப் பதில், நீளமான சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது யாரைக் கேட்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. எப்போதும் பேஸை என்றார். மேல்குரலைக் கேட்டால் அதோடு போய்விடத் தோன்றும். பேஸைக் கேட்டால் தான் நிற்க வேண்டிய இடம் தெரியும். பிறகு, நீங்கள் மூச்சு வாங்கியபோதுதான் உங்களைக் கேட்டேன் என்று சொன்னேன். அந்த இடத்தில் அவர் மூச்சு வாங்கியிருக்கக் கூடாதாம், முந்தைய வரியிலேயே எடுத்திருக்க வேண்டுமாம்.

எனக்கு அந்த நாளின் மிகச் சிறந்த நொடி அவருக்குப் பிழை. இதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 22, காலை 7:10

மூச்சு பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். பெரிய குழுவில் பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்காத இடத்தில் நாம் வாங்கலாம், ஒலி அறுபடாது. நாற்பது பேரில் நாங்கள் அப்படித்தான் பாடினோம். ஒரு பகுதிக்கு ஒருவர் என்றால் அந்த வசதி இல்லை. மாறாக எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்கும் இடங்களும் உண்டு. பாட்டின் நடுவே நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்கும் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு சேர்ந்தே வேகம் கூடிக் குறைகிறது என்று ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் எழுதினார்கள். மூச்சு ஒன்றாவதுதான் காரணம். அன்று அந்த அறையில் நின்ற எனக்கு இது படித்துத் தெரிந்துகொள்ளும் செய்தியாகவே இல்லை.

ஏப்ரல் 3, இரவு 8:20

பயிலரங்கில் பழகிய மூன்று பேரும் நானும் வாரம் ஒரு முறை கூடுகிறோம். அந்த ஒரே பாட்டுதான். நேற்று ஆல்டோவில் நான் மட்டும். திரும்பத் திரும்ப வரும் சுரத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக மேலே வைத்தேன், பேஸை மட்டும் கேட்டேன். முடிவில் செயலியைப் பார்த்தோம். 35 சென்ட் இறங்கியிருந்தோம். மறுபடி பாடினோம். 20.

உங்கள் பயிலரங்கு இந்தச் சனிக்கிழமைதானே? எந்தப் பகுதி என்று கேட்டால், குரல் இடம் கொடுத்தால், நடுவைக் கேளுங்கள். உறிஞ்சுகுழல் கொடுத்தால் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். பதிவு செய்ய அனுமதி உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள். அவர்கள் பாடிக் காட்டுவதையும் நீங்கள் பாடுவதையும் தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் பதியுங்கள். எத்தனை சென்ட் என்று இங்கே வந்து எழுதுங்கள்.